இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் மேற்படிப்பின் பொருட்டு வெளிநாடு செல்லுமுன் விடைபெற வந்திருந்தான். விறாந்தையில் இருத்தித் தேநீர் கொடுத்தோம். பிரயாண ஒழுங்குகளையெல்லாம் சொல்லி முடித்த பின்னர், சிறிது தயங்கி ஒரு கேள்வி கேட்டான்.

“சேர், பலாலியில் ஏறினால் காலை ஒன்பதரைக்கு இரத்மலானையில் இறங்கிவிடுவேன். கட்டுநாயக்காவில் விமானம் மாலை ஆறரைக்குத்தான். இடையில் ஒன்பது மணித்தியாலம் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்யலாம்?”

சிறிய கேள்விதான். ஆயினும் உடனே மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. அந்த இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட வழியில் நான் முன்னொரு முறை செய்த பிழை நினைவுக்கு வந்து வாயை அடைத்தது. பின்னர் அவனுக்குச் சொன்னவற்றையே இந்த வாரம் வாசக அன்பர்களுக்கும் சொல்லலாமென எண்ணுகின்றேன். யாரையேனும் கடல் கடந்து வழியனுப்பாத வீடு நமது குடாநாட்டில் எங்கே இருக்கின்றது?

முதலில், ஒரு நகருக்கு இரண்டு விமான நிலையங்கள் ஏன் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளல் நன்று. கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானையில் 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முதல் விமானம் இறங்கியது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி ஏர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் அங்கிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னையை அடைந்தது. காங்கேசன்துறை நிலையமென அன்று வழங்கியது, இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியர் அமைத்த நமது பலாலியையே. உள்ளூர் விமானமும் வெளியூர் விமானமும் அக்காலத்தில் இரத்மலானை என்னும் ஒரே வாசலால் வந்து போயின. யாழ்ப்பாணத்தார் ஒருவர் அங்கே இறங்கினால், அந்த முற்றத்திலேயே மறு விமானத்தில் ஏறலாம்.

பெரிய ஜெற் விமானங்கள் வந்த பின்னர் நிலைமை மாறிற்று. இரத்மலானையின் ஓடுபாதை ஏறக்குறைய 1,800 மீற்றர் நீளமே உடையது. நகர் நெருக்கிவிட்டமையால் அதனை நீட்டவும் இடமில்லை. ஆகவே, பிரித்தானிய விமானப் படையின் தளமாக இருந்த கட்டுநாயக்காவில் புதிய நிலையம் எழுந்தது. 1960களின் பிற்பகுதியில் வெளிநாட்டு விமானங்கள் அங்கே சென்றன. அங்குள்ள ஓடுபாதையின் நீளம் 3,350 மீற்றர். நகரின் தெற்கே ஒரு வாசல், வடக்கே ஒரு வாசல். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 45 கிலோமீற்றர் வழி. வடக்கிலிருந்து வருபவன் தெற்கே இறங்கி, மீண்டும் வடக்கு நோக்கிப் போகவேண்டியவனானான்.

பலாலியின் கதை நமக்குத் தெரிந்ததே. அதனைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் 1990இல் வீடு வாசலை விட்டு வெளியேறினர். தரைவழி அடைபட்டிருந்த போர்க்காலத்தில் விமானமும் கப்பலுமே கொழும்புக்குச் செல்லும் வழிகளாயின. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட பயணிகள் விமானம் ஒன்று மன்னார்க் கடலில் வீழ்ந்தது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர். 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டுச் சென்னை விமானமும் வந்தது. 2020 மார்ச் மாதத்தில் நோய்த்தொற்றினால் நின்ற அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. எனினும் தூர தேசம் செல்வோருட் பலருக்குக் கட்டுநாயக்காவே இன்றும் வாசல்.

இனி என் பிழைக்கு வருகின்றேன்.

2014ஆம் ஆண்டில் ஒரு கருத்தரங்கின் பொருட்டுக் கோலாலம்பூர் செல்ல நேர்ந்தது. சிறு விமானம் ஒன்றில் காலை பத்து மணியளவில் இரத்மலானையில் இறங்கினேன். மறு விமானம் இரவு எட்டு மணிக்கு. அதுவே எனது முதல் வெளிநாட்டுப் பிரயாணம். அச்சம் காரணமாக, இறங்கியதும் ஒரு வாடகைக் காரைப் பிடித்து, “எங்கும் நிறுத்த வேண்டாம், நேரே கட்டுநாயக்கா” என்றேன்.

கார் காலி வீதியில் வெள்ளவத்தையைக் கடந்தபோது எனக்கு ஒன்று நினைவு வந்தது. பாடசாலையில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் அப்போது மகனுடன் அங்கேதான் இருந்தார். வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீடு. ஒரு மாதத்துக்கு முன்புதான் தொலைபேசியில், “கொழும்புப் பக்கம் வந்தால் ஒருக்கால் எட்டிப் பாத்திட்டுப் போம்” என்று சொல்லியிருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். “திரும்பி வரும்போது பார்க்கலாம்” என்று மனத்துக்குச் சொன்னேன். கார் பம்பலப்பிட்டியைக் கடந்தது.

பன்னிரண்டரை மணிக்குக் கட்டுநாயக்காவை அடைந்தேன். பொதிகளை ஏற்கும் இடம் ஐந்து மணிக்கே திறக்குமென்றார்கள். நாலரை மணித்தியாலம் ஒரு நாற்காலியில் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். திரும்பி வந்த விமானமோ நள்ளிரவில் வந்தது; அந்நேரம் ஒருவரின் கதவைத் தட்டலாமா? இரவு பஸ்ஸில் ஊர் வந்துவிட்டேன். நாற்பது நாட்கள் ஆகுமுன் ஆசிரியர் காலமானார். மரணச் செய்தியைப் பத்திரிகையிற் கண்டபோது எனக்கு அந்த நாற்காலியே கண்ணில் நின்றது. நேரம் இல்லாமையால் அவரைப் பாராமல் விட்டேன் என்றால் மனம் ஆறும். நேரம் இருந்தது; எவ்வளவு இருந்தது என்று கணக்குப் பார்க்காமல் விட்டேன்.

திருக்குறள் கற்பிக்கும்போது அதிகாரங்களின் வரிசையையும் மாணவர் கவனிக்கவேண்டும் என்று சொல்வது என் வழக்கம். வலியறிதல் 48ஆவது அதிகாரம், காலமறிதல் 49ஆவது, இடனறிதல் 50ஆவது. அரசன் படையெடுப்பதற்குச் சொன்ன முறை அது. ஆயினும் பெட்டியோடு புறப்படும் பிரயாணிக்கும் அந்த வரிசையே பொருந்தும். வலியையும் காலத்தையும் அறியாமல் இடத்தைப் பற்றி யோசிப்பவன்தான் விமானத்தைத் தவறவிடுகின்றான்.

வலி என்பது இங்கே உடம்பின் வலிமையும் பொதியின் பாரமும் ஆகும். சிறு விமானங்களில் ஏற்றும் பொதியின் அளவு பெரிய விமானங்களின் அளவிலும் குறைவு. ஆகையால் பாரமான பெட்டியை முதல் நாளே உறவினர் கையில் தரைவழியாகக் கொழும்புக்கு அனுப்பிவிடுவது நலம். இரண்டு பிரயாணச் சீட்டுகளும் தனித்தனியே வாங்கப்பட்டவையானால், முதல் விமானம் தாமதித்து மறு விமானம் தவறினும் இரண்டாம் நிறுவனத்தார் பொறுப்பேற்கமாட்டார். மாரிக்காலத்தில் சிறு விமானங்கள் தாமதிப்பதும், ஒரோவழி நின்றுபோவதும் உண்டு. விமான நேரங்களும் காலத்துக்குக் காலம் மாறுவன. இவற்றையெல்லாம் சீட்டு வாங்கும் நாளிலேயே விசாரித்தல் வேண்டும். பிரயாணம் இன்றியமையாததாயின், முதல் நாளே கொழும்பு சென்று தங்குவது கோழைத்தனம் ஆகாது.

அடுத்தது காலம். இதனைப் பின்னாலிருந்து முன்னோக்கிக் கணக்கிடவேண்டும். என் மாணவனின் விமானம் மாலை 6.30க்கு. மூன்று மணித்தியாலம் முன்னதாக, 3.30க்கு நிலையத்தில் நிற்கவேண்டும். இரத்மலானையிலிருந்து கட்டுநாயக்கா வரையுள்ள வழிக்கு இரண்டு மணித்தியாலம் வைக்கவேண்டும். கொழும்பிலிருந்து கட்டுநாயக்காவுக்கு 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்ட அதிவேகப் பாதை 25.8 கிலோமீற்றர் நீளமானது. அதில் ஏறிவிட்டால் அரை மணிப் பயணமே. காலி வீதியின் நெரிசல்தான் நேரத்தை விழுங்குவது. பாடசாலை விடும் வேளையும் அலுவலகம் விடும் வேளையும் மிக மோசம். எதிர்பாராத தடைக்கென இன்னும் அரை மணி வைத்தால், பகல் ஒரு மணிக்குள் கட்டுநாயக்கா நோக்கிப் புறப்பட வேண்டும். காலையில் பொதிகளைப் பெற்று இரத்மலானையை விட்டு வெளியேறப் பத்து மணியாகும். ஒன்பது மணித்தியாலமெனத் தோன்றியது உண்மையில் மூன்று மணித்தியாலம்.

“மூன்றுதானா, சேர்?” என்றான் அவன்.

“மூன்றுதான். ஆனால் அந்த மூன்றும் முழுக்க உன்னுடையவை” என்றேன். நான் நாற்காலியில் இருந்த அன்று அந்தக் கணக்கைப் போட்டிருந்தால், எனக்கும் மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாமல் கிடைத்திருக்கும். ஆசிரியரைப் பார்க்க ஒன்று போதும்.

இனி இடம். இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. இலண்டனில் ஹீத்ரோவில் இறங்கிக் கற்விக்கில் ஏறவேண்டியவர், அல்லது தோக்கியோவில் நரிற்றாவில் இறங்கி ஹனேடாவில் ஏறவேண்டியவர், அந்நாட்டுக்குள் நுழைந்தே மற்ற நிலையத்தை அடையலாம். நமது கடவுச்சீட்டு உடையோருக்கு அதற்கு விசா வேண்டும். இதை அறியாமல் மலிவான சீட்டு வாங்கிப் பின்னர் வருந்துவோர் உளர். சீட்டில் நகரின் பெயரை மாத்திரம் பார்த்தல் போதாது. நிலையத்தின் பெயரையும் பார்க்கவேண்டும். கொழும்பிலோ அந்தத் தொல்லை இல்லை. மேலும், நாம் காணத்தக்கவை பெரும்பாலும் வழியிலேயே இருக்கின்றன.

இரத்மலானையிலிருந்து வடக்கே வரும்போது கல்கிசை, தெகிவளை கடந்து வெள்ளவத்தை. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் இங்கே உள்ளன. படிப்பில் விருப்பமுள்ளவன் ஒரு மணித்தியாலத்தை அங்கே போக்கலாம். பசித்தவனுக்குச் சைவக் கடைகளும் உண்டு. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி கடந்தால் காலிமுகத்திடல். பெண்களும் சிறுவர்களும் காற்று வாங்குவதற்கென ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அங்கே இருக்கின்றது. ஆனால் உச்சி வெயிலில் அங்கே நிற்பது வீண்.

மாணவர்களுக்கு நான் சொல்வது 1877இல் திறந்த கொழும்புத் தேசிய நூதனசாலையை. அதனை முழுவதும் பார்க்க ஒரு நாளும் போதாது. ஒரே ஒரு கல்லைப் பார்த்தாற் போதும். சீனப் பேரரசரின் கடற்றலைவர் செங் ஹோ இலங்கையில் நிறுவிய அக்கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகள் அதில் உள்ளன. சீன மொழிப் பகுதி புத்தருக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கின்றது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்னும் திருமாலுக்கு அளித்தவற்றைச் சொல்கின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாமியர் வழிபாட்டுக்கு உரியது. 1911இல் காலி நகரில், வடிகால் ஒன்றை மூடிய கல்லாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள். கடல்வழியாகச் செல்பவர் இடையிலே தங்கிய நாட்டில், அங்கு வாழ்வோர் மூவரின் வணக்கத்துக்கும் மரியாதை செய்து விட்டுச் சென்ற கல் அது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளை அதன் முன் கால் மணி நின்று செல்வது தகும். அரசாங்க விடுமுறை நாளாயின் கதவு திறந்திருக்குமா என முன்னரே விசாரித்துக்கொள்க.

துறைமுகத்தை அணுகினால் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோவில். பொன்னம்பல முதலியார் நிறுவிய இக்கோவிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் திருப்பணி செய்வித்தார். மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரியை 1913இல் தொடங்கியவரும் அவரே. அங்கே தரிசனம் செய்ய விரும்புவோர் நண்பகலுக்கு முன் செல்லவேண்டும். நடை சாத்திய பின் சென்று பயனில்லை.

இவற்றுள் ஒன்றை மாத்திரம் தெரிந்துகொள்ளவேண்டும். மூன்று மணித்தியாலத்தில் நான்கு இடம் பார்ப்பவன், நான்கு இடத்திலும் கடிகாரத்தையே பார்க்கின்றான். பொதி இருந்தால் அந்த நேரம் முழுவதற்கும் ஒரே வாகனத்தைப் பேசிக்கொள்க. கடவுச்சீட்டும் பணமும் உடம்போடு இருக்கட்டும். பொதி இல்லாதவர் இரத்மலானையிலிருந்து கடலோரமாக ஓடும் புகைவண்டியில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து 187ஆம் இலக்கப் பஸ்ஸில் கட்டுநாயக்காவுக்குச் செல்லலாம்.

இந்தப் பாடத்தை நான் ஒருமுறை செயலிலும் கண்டேன். ஆசிரியர் மறைந்து சில ஆண்டுகளின் பின் என் தாயாரைத் தங்கையிடம் ரொறன்ரோவுக்கு அனுப்பவேண்டி வந்தது. இரத்மலானை வழியாக நானும் உடன் சென்றேன். “அம்மா, மூன்று மணித்தியாலம் இருக்கு. கோவிலுக்குப் போவமா, கடற்கரைக்குப் போவமா?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவில்லை. “வெள்ளவத்தையில அவளைப் பாப்பம்” என்றார். இராமநாதன் கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்த தோழி. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பிரிந்தவர்கள்; அதன் பின் இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

கதவைத் திறந்த அந்த அம்மையார், “வாரும், வாரும்! நீரே தானே?” என்று கேட்டுத் தாயாரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். பெரிய கதைகள் பேசுவார்கள் என எதிர்பார்த்தேன். முழங்கால் நோவுக்கு என்ன எண்ணெய் பூசுகிறீர் என்று ஒருவர் கேட்க, மற்றவர் சொன்னார். கல்லூரிக் கிணற்றடியில் வழுக்கி விழுந்த ஒருத்தியை நினைத்துச் சிரித்தார்கள். பின்னர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, இருக்கிறாரா இல்லையா என்று கேட்டுக்கொண்டார்கள். இல்லை என்ற மறுமொழியே அதிகமாக வந்தது. ஒன்றரை மணித்தியாலம் அப்படியே சென்றது.

“தம்பி, பிளேனுக்கு நேரம் கிடக்கோ?” என்று தாயாரே கேட்டார். நேரம் இருந்தது, கணக்குப் போட்டிருந்தேன். ஆயினும் புறப்படவேண்டிய நேரந்தான். தோழியார் உள்ளே சென்று மோர்மிளகாய்ப் பொதி ஒன்றைக் கொண்டுவந்து, “அங்க குளிருக்கு நல்லது” என்று கைப்பையுள் வைத்தார். அடுத்த முறை சந்திப்போம் என்று இருவரும் சொல்லவில்லை.

தாயார் விரும்பியபடி கொச்சிக்கடையால் சென்றோம். நடை சாத்தியாயிற்று. வீதியில் நின்றபடியே கோபுரத்தைக் கும்பிட்டார். களனிப் பாலம் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “அவளுக்கு அந்தச் சிரிப்பு மாறேல்லை, தம்பி” என்றார். மூன்றரை மணிக்கு இருபது நிமிஷம் இருக்கையில் கட்டுநாயக்காவை அடைந்தோம். அடுத்த ஆண்டு அவர் ஊர் திரும்பியபோது அத்தோழியார் உயிருடன் இல்லை. தாயார் அழுதார், ஆயினும் என் ஆசிரியரை நினைத்து நான் வருந்துவது போல வருந்தவில்லை.

ஆகவே மாணவனுக்கு நான் சொன்ன முடிவு இது: “வழியில் உன்னைக் காண விரும்பும் முதியவர் எவரேனும் இருந்தால், அவருக்கு அந்த நேரத்தைக் கொடு. அப்படி ஒருவரும் இல்லையென்றால், அந்தக் கல்லைப் பார்.”

புறப்பட்ட நாளன்று மாலை நாலு மணிக்குக் கட்டுநாயக்காவிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். பலாலி விமானம் ஒன்றரை மணித்தியாலம் தாமதித்துவிட்டதாம். மூன்று மணித்தியாலம் ஒன்றரையாகக் குறைந்தது. ஆயினும் நூதனசாலைக்குச் சென்று கல்லின் முன் நின்றிருக்கின்றான்.

“வாசிக்க முடியவில்லை, சேர். எழுத்துத் தேய்ந்திருக்கிறது. நாலைந்து எழுத்துத்தான் பிடிபட்டது.”

“அது போதும், தம்பி. போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குச் சொல்லும்” என்றேன்.